ரவுடி ஒழிப்பு, புதுச்சேரி பதிப்பு: ஐந்துக்கு மூன்று

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்றரை, ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் பைக்கில் வந்து பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்து வந்ததற்கான கையெழுத்து நோட்டில், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற பீட் ஏட்டுக்கு. ஒன்று, விடியற்காலையில் ரவுடிகள் வீட்டுக் கதவைத் தட்டி நடத்துகிற சோதனைக்கு. பாக்கி அரை, பேனரைக் கழற்றின நகராட்சி ஆட்களுக்கு. பிடித்துக்கொண்ட இரண்டு மார்க்கும் ஒரே காரணத்துக்காகத்தான், அது நடுவில் வரும்.

மிக்ஸிக்கு எழுதுகிறோம், பிரியாணிக்கு எழுதுகிறோம், ரவுடிகளைக் கட்டுப்படுத்துகிறோம் என்று அரசாங்கம் செய்கிற வேலைக்கு மட்டும் யாரும் ரிவ்யூ எழுதுவதில்லை. ஒன்று மொத்தமாகத் திட்டுவோம், இல்லையென்றால் "சுட்டுத் தள்ளணும் சார்" என்று கை தட்டுவோம். நான் வரி கட்டுகிற வாடிக்கையாளராக எழுதுகிறேன். பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், கடலூர் சாலைப் பக்கம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்தக் கடை என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், நம் ஊர் அவ்வளவுதான்.

வெளியூர்க்காரருக்குப் புதுச்சேரி என்றால் பீச் ரோடு, மஞ்சள் சுவர், சனி ஞாயிறு கூட்டம். உள்ளூர்க்காரனுக்கு இன்னொரு புதுச்சேரியும் தெரியும். 2017 ஜனவரியில் காரைக்கால் நிரவி பக்கம் ஒரு முன்னாள் சபாநாயகரையே வெடிகுண்டு வீசி, வெட்டிக் கொன்றார்கள். 2023 மார்ச்சில் வில்லியனூரில் ஒரு கட்சிப் பிரமுகரை அதே பாணியில் முடித்தார்கள், அந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. வரைக்கும் போனது. 2025 பிப்ரவரியில் ரெயின்போ நகரில் ஒரே ராத்திரியில் மூன்று பையன்கள். நாட்டு வெடிகுண்டு எங்கள் ஊர் கோஷ்டிகளின் முத்திரை மாதிரியே ஆகிவிட்டது.

ஆனால் வியாபாரியை தினமும் அரிப்பது இந்தப் பெரிய கேஸ்கள் இல்லை. அதெல்லாம் பெரும்பாலும் கோஷ்டிக்குள் கோஷ்டி, பழிக்குப் பழி, இடத் தகராறு, கம்பெனிகளில் ஸ்கிராப் எடுக்கிற போட்டி. நமக்கு வருவது சில்லறை சைஸ். இரண்டு பைக், நாலு பையன்கள், ஒருத்தனுக்கும் இருபது வயசு தாண்டியிருக்காது. "அண்ணே, நம்ம அண்ணன் பொறந்தநாள் வருது, ஏரியா முழுக்க செய்யறாங்க, நீங்களும் பார்த்து செய்யுங்க." கையில் ரசீது புத்தகம். நற்பணி மன்றம் என்று அச்சடித்து, வரிசை எண் போட்டு, நடுவில் கார்பன் பேப்பர்கூட வைத்திருந்தார்கள். கடைக்காரனே ஒழுங்காக பில் போடாத ஊரில் மாமூலுக்கு ரசீது. இதில் விசேஷம் என்னவென்றால், பிறந்தநாள் கொண்டாடப் போகிற அந்த அண்ணன் அப்போது காலாப்பட்டு ஜெயிலில் இருந்தார்.

கொடுக்காவிட்டால் உடனே ஒன்றும் நடக்காது, அதில்தான் தந்திரமே. கொஞ்ச நாள் கழித்து லோடு இறக்க வந்த டெம்போ டிரைவரை யாரோ அடித்திருப்பார்கள், ஷட்டர் பூட்டுக்குள் யாரோ பசை ஊற்றியிருப்பார்கள். யார் என்று கேட்டால் பார்த்த ஆள் கிடையாது. என் கடையில் கம்பி, சிமெண்ட் வாங்குகிறவர்கள் சொல்வது இதைவிட மோசம். வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின அன்றே ஒருத்தன் வந்து நிற்பானாம், ஜல்லியும் எம்-சாண்டும் எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று. விலை சந்தை விலையைவிட ஜாஸ்தி, அளவு கம்மி.

சரி, சேவைக்கு வருவோம். முதலில் பீட்.

கடை ஷட்டருக்குப் பக்கத்தில், ஏ.டி.எம்.மில் தொங்குமே, அதே மாதிரி ஒரு நோட்டு. ஓரமெல்லாம் நைந்து, பேனா காணாமல் போகாமல் இருக்க நூல் கட்டி. சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு வருவார், மணியைப் பார்த்து எழுதுவார், கையெழுத்துப் போடுவார். இதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைக்கலாம், நீங்களும் நினைக்கலாம், விஷயம் கையெழுத்தில் இல்லை. எழுதிக்கொண்டே கேட்பார்: "அவன் ஜாமீன்ல வந்துட்டானே, இந்தப் பக்கம் தலை காட்டினானா?" "அந்தக் கடைசி வீட்டுப் பையன் புது வண்டி ஓட்டறான், எங்க வேலைக்குப் போறான்?" எந்த வீட்டில் எந்தப் பையன் படிப்பை நிறுத்தினான் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஒரு தடவை கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருத்தனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்கம்மா நேத்து என்னைப் பார்த்து அழுதாங்கடா" என்றார். அதட்டவில்லை, லத்தியைத் தொடவில்லை. மறுநாள் திண்ணை காலி. பத்து போலீஸ் வேன் வந்து நின்றாலும் இது நடக்காது.

கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்த 2016 முதல் 2021 வரையான காலத்தில் இந்த பீட் முறையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் அரசியல் பற்றி இங்கே ஆளுக்கொரு சண்டை இருக்கும், எனக்கும் உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. குறை என்னவென்றால் இந்த ஏட்டு நிரந்தரம் கிடையாது. வி.ஐ.பி. வந்தால் பந்தோபஸ்து, புத்தாண்டு வந்தால் பீச் ரோடு, நீண்ட விடுமுறை வந்தால் டிராஃபிக். டிசம்பர் கடைசியில் பட்டா புத்தகத்தைத் திறந்து பாருங்கள், பக்கம் வெள்ளையாக இருக்கும். சுற்றுலாக்காரருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த ராத்திரிகளில்தான் எங்கள் தெருவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறார்கள் என்கிறேன்.

அடுத்து அதிகாலை சோதனை. மறுநாள் பேப்பரில் படம் வரும், தரையில் வரிசையாக வீச்சரிவாள், பின்னால் அதிகாரிகள். கிண்டல் செய்வது சுலபம், ஆனால் பலன் இருக்கிறது. சோதனை நடந்த பிறகு சில வாரம் ஏரியா அடங்கிக் கிடக்கும், ரசீது புத்தகம் வெளியே வராது. தமிழ்நாட்டில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 2021 செப்டம்பரில் நடந்த வேட்டையில் 52 மணி நேரத்தில் 3,325 பேர் கைது, 1,117 ஆயுதம் பறிமுதல் என்று கணக்குக் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் மின்னல் ரவுடி வேட்டை, 24 மணி நேரத்தில் தேடப்பட்டு வந்த 133 பேர். நல்ல எண்ணிக்கைதான். ஆனால் பிடிபட்டவன் எத்தனை பேர் என்பது போலீஸ் கணக்கு. மாமூல் கேட்டு வந்தவனிடம் முடியாது என்று சொன்ன கடைக்காரன் எத்தனை பேர் என்பதுதான் என் கணக்கு. அதை யாரும் எண்ணுவதில்லை.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாதிப் பேரிடம் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110-ம் பிரிவு என்று சொல்வோமே, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 126, 129. பத்திரத்தை மீறினால் முன்பு நிர்வாக நடுவரே, அதாவது நீதிபதி இல்லாத அரசு அதிகாரியே, உள்ளே தள்ளிவிடுவார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது கூடாது, நீதித்துறை நடுவர் முன்னால்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. போலீஸ் நண்பர்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்கென்னவோ கோர்ட் சொன்னதுதான் சரி என்று படுகிறது, இன்றைக்கு ரவுடியை விசாரிக்காமல் உள்ளே போடுகிற கை நாளைக்கு யாரையும் போடும். குண்டாஸ் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1982-ம் வருஷத்துச் சட்டம், இங்கே சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் என்று 2008-ல் வந்தது. தமிழ்நாட்டில் வழக்கு விசாரணை இல்லாமலே வருஷம் முழுக்க உள்ளே வைக்கலாம், ஆனால் காகிதத்தில் சின்ன ஓட்டை இருந்தாலும், கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தாலும்கூட, உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிடும். அவன் வெளியே வருகிறபோது தெருவில் வெடி வெடித்து வரவேற்பு.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஊர் நீக்க உத்தரவு. இத்தனை மாதம் புதுச்சேரிக்குள் வரக் கூடாது என்று ரவுடியை வெளியேற்றுவார்கள். எங்கே போவான்? புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேஜையில் சிந்தின அரிசி மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும். தெற்கே முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம். வடக்கே முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். கோரிமேடு தாண்டினால் பட்டானூர், அதுவும் விழுப்புரம். வெளியேற்றப்பட்டவன் கோட்டக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டே செல்போனில் இங்கே வேலையை முடிக்கலாம். இரண்டு பக்க போலீஸும் அவ்வப்போது கூட்டம் போடுகிறார்கள், பட்டியலைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் எல்லையைத் தாண்டி வந்தால் கூட்டக் குறிப்பு வந்து தடுக்காது.

இப்போது அந்த இரண்டு மார்க்.

ரசீது புத்தகப் பையன்கள் மறுபடியும் வந்தார்கள், டெம்போ டிரைவர் சம்பவமும் நடந்தது, நான் மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் கேட்ட கேள்விகள் இவை: பையன் பேரு என்ன, அவங்க அப்பா பேரு என்ன, வீடு எங்கே, வண்டி நம்பர் என்ன. மிரட்டிப் பணம் கேட்க வந்தவனிடம் அப்பா பேரைக் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லைதான். கிழித்துக் கொடுத்த ரசீதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரிண்டிங் நல்லாப் பண்ணியிருக்கானுங்க" என்றார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐயா வந்ததும் சொல்கிறோம் என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் அந்த நாலு பேரில் ஒருத்தன் தனியாகக் கடைக்கு வந்தான். ஒரு இஞ்ச் பிரஷ் ஒன்று கேட்டான். விலையைக் கேட்டு, சரியான சில்லறையை எண்ணிக் கல்லாவில் வைத்தான். வைத்துவிட்டு, "ஸ்டேஷனுக்கெல்லாம் எதுக்குண்ணே அலையறீங்க, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிருப்போம்ல" என்று சிரித்துக்கொண்டே போனான். பிரஷ்ஷைக் கல்லா மேலேயே விட்டுவிட்டுப் போனான்.

நான் மனு கொடுத்த விஷயம் என் மனைவிக்கும், அந்த அறையில் இருந்தவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். என் மனைவி சொல்லியிருக்க மாட்டாள்.

இதற்குத்தான் இரண்டு மார்க். யாரோ ஒரு ஆள் காசுக்காகவோ, பழக்கத்துக்காகவோ சொல்லியிருக்கலாம், எல்லாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மாமூல் வாங்குகிற கோஷ்டியின் முதலீடே பயம்தான், புகார் கொடுத்தவன் பெயர் வெளியே போனால் அந்த முதலீட்டுக்குப் போலீஸே வட்டி கட்டுகிற கதை. விடியற்காலையில் நூறு வீட்டில் சோதனை போட்டுச் சம்பாதித்த பெயர் இந்த ஒரு கசிவில் போய்விடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே பையன்களைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துவிட்டார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது, அது இன்னும் எரிச்சல். பெயிண்ட் வாங்க வருகிற ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மிரட்டிப் பணம் பறிப்பது பழைய சட்டத்தில் மூன்று வருஷம், புதிய நியாய சன்ஹிதாவில் 308-ம் பிரிவு, ஏழு வருஷம் வரை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், எங்களைப் போல எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018-லிருந்து நாடு முழுக்க இருக்கிறது, ஆபத்து இருந்தால் மாவட்ட நீதிபதி தலைமையில் இருக்கிற குழுவிடம் மனு போடலாம், பெயரை மறைப்பதிலிருந்து வீட்டு வாசலில் கேமரா வைப்பதுவரை கேட்கலாம். இதில் ஒன்றைக்கூட அந்த ஸ்டேஷனில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்தது ஹெல்மெட் போஸ்டர் மட்டும்.

பயம் வீண் பயமா என்று கேட்டால், 2022 ஆகஸ்டில் கடலூர் மத்திய சிறையில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். கைதியிடம் இருந்த செல்போனைப் பிடித்த உதவி ஜெயிலரின் குடும்பம், சிறைக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்டவர் வீட்டுக்கே அந்த நிலைமை என்றால் ஹார்டுவேர் கடைக்காரன் எந்த மூலை.

கடைசியில் வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவை மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எஃப்.ஐ.ஆர். ஆனது, பையன்கள் உள்ளே போனார்கள், ஜாமீனில் வந்தார்கள். இப்போது கடை வாசலில் போகிறார்கள், வருகிறார்கள், என்னிடம் கேட்பதில்லை. மற்றக் கடைகளில் கேட்கிறார்கள்.

அந்த அரை மார்க் பேனர் விஷயத்துக்கு. கோஷ்டிக்கு விளம்பரமே பேனர்தான். ஜெயிலில் இருக்கிறவன் முகம் முக்குக்கு முக்கு சிரித்துக்கொண்டு நின்றால், வசூலுக்கு வருகிற பையன் வாய் திறக்கவே வேண்டாம். நாங்கள் சில வியாபாரிகள் சேர்ந்து நகராட்சியில் போய் நின்றதில் ஒரு நாள் காலையில் லாரி வந்து, ஏணி போட்டு, கம்பத்தோடு பிடுங்கிப் போனார்கள். கழற்றின ஆளின் கை நடுங்கினதைப் பார்த்தேன், ஆனாலும் கழற்றினார். சோதனை, கைது எல்லாவற்றையும்விட அன்றைக்குத் தெருவில் இருந்த முகங்களில் தெரிந்த மாற்றம் அதிகம். பேனர் தடைக்கென்றே 2000-ல் இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள், அதைத் தினமும் நடத்தினால் போதும்.

ஆனால் நகராட்சியில் யாரிடம் போய் நிற்பது என்பதே இங்கே ஒரு பிரச்சினை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் ஒரு தடவை, அப்புறம் 2006-ல் ஒரு தடவை. 2011-ல் அந்தக் காலம் முடிந்ததிலிருந்து கவுன்சிலர் என்ற ஆளே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எம்.எல்.ஏ. வீட்டு வாசல், இல்லையென்றால் அதிகாரி. இருட்டு மூலை எது, கஞ்சா கை மாறுகிற சந்து எது, பூட்டிக் கிடக்கிற எந்த வீட்டில் ராத்திரி வெளிச்சம் தெரிகிறது என்பதெல்லாம் வார்டு ஆளுக்குத் தெரிகிற சமாச்சாரம், அந்த ஆள் இல்லாமல் போலீஸ் மட்டும் தனியாக என்ன செய்யும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மச்சான் டீத்தூள் மொத்த வியாபாரம். அங்கே 2021-ல் மாநகராட்சி ஆனது, 2022-ல் தேர்தல் நடந்தது, 45 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்றால் போன் போடுகிறார், ஆள் வருகிறது. கவுன்சிலர் இருந்தாலே ரவுடி ஒழிந்துவிடுவான் என்று சொல்ல வரவில்லை, சில இடத்தில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். அங்கே குறை வேறு. ரோந்து வண்டி வருகிறது, போகிறது, உள்ளே இருக்கிறவர் முகம் யாருக்கும் தெரியாது. எங்கள் ஏட்டு மாதிரி ஒருத்தர் அங்கே கிடையாது என்று மச்சானே ஒப்புக்கொள்கிறார்.

2025 ஏப்ரலில் கடலூர் பக்கம் லாரி டிரைவர்களை வெட்டி வழிப்பறி செய்த வழக்கில் தேடப்பட்ட புதுச்சேரி இளைஞர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே எவனும் வாலாட்ட மாட்டான் மாமா" என்றார். வாக்குவாதம் ஆகி, அக்கா வந்து இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அடக்கினார். இப்படிப்பட்ட சாவில் தனி விசாரணை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் விதி வகுத்திருக்கிறது, அது முடிந்து உண்மை வரட்டும். என்னைப் பொறுத்தவரை அதை இந்தச் சேவையின் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கஞ்சா பற்றித் தனியாகவே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பொட்டலம் விற்கிற பையன் சிறு அளவோடுதான் மாட்டுவான், சீக்கிரம் வந்துவிடுவான். மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறவன் படம் பேப்பரில் வருவது அபூர்வம். பையன் ஜெயிலுக்குள் போய் வரும்போது அவனுக்கு அண்ணன் கிடைத்துவிடுகிறான், அடுத்த பிறந்தநாளுக்கு ரசீது புத்தகம் அவன் கையில்.

புகார் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கொடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். மனு இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். கூடவே ஒரு பிரதி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தனியாகப் போகாமல் பக்கத்துக் கடைக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு சனிக்கிழமை ஸ்டேஷனில் மக்கள் மன்றம் நடக்கிறது, கடலூர்க்காரர்களுக்கு எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை. சனிக்கிழமை போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், நேரமானால் வேலித் தகராறு, வாடகைத் தகராறு என்று கூட்டம் சேர்ந்துவிடும், அப்புறம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் உங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.